மிஸ்ஸியும் இரண்டு சாமிகளும்

போன மாதம் கோயில் ஆண்டுமலர்க் குழுவில் இருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தது. "அங்கிள், மெல்பேர்னுக்கு முதல் முதல் வந்த ஆக்களைப் பற்றி எழுதுறம். உங்களுக்கு அந்த நேர்ஸ் அன்ரியை நல்லாத் தெரியுமாம். ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன்" என்றது. ஓம், தாறன் என்றேன். போனை வைக்கப்போகும் நேரத்தில் மெல்ல இழுத்தது: "அங்கிள், அந்த நாய்க் கதை மட்டும் வேண்டாம், என்ன? கோயில் மலர்தானே."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! நாயை எடுத்துவிட்டு மிஸ்ஸியைப் பற்றி என்னத்தை எழுதுவது? நல்லவர், வல்லவர், சமூகத்துக்குத் தொண்டு செய்தவர் என்று யாருக்கும் பொருந்துகிற நாலு வரி எழுதலாம். அதை எழுத நான் தேவையில்லை. நான் நாயோடுதான் எழுதுவேன். மலரில் போடாவிட்டால் போகட்டும்.

ஊரில் நேர்ஸ்மாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இங்கு வந்த பிறகும் அவர் எங்களுக்கு மிஸ்ஸிதான். எழுபதுகளின் தொடக்கத்தில் கலியாணமாகாமல், தனியாக, ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய பெண் அவர் ஒருவர்தான். அப்போது அவருக்கு நாற்பதுக்கு மேலே. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைத் தம்பி என்பார், ஆனால் நீர் என்றுதான் பேசுவார். சேலைக்கு மேலே ஆம்பிளைகளின் பழைய ஓவர்கோட்டு, காலில் வார்ட்டில் போடுகிற வெள்ளைச் சப்பாத்து, கையில் நாய்ச் சங்கிலி. அவர் ஃபுட்ஸ்கிரே சந்தைக்குள் நுழைந்தால் மீன் விற்கிறவன்கூட ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பான்.

நாங்களோ பயந்த கூட்டம். அந்த நாளில் எங்கள் ஆட்கள் பதினைந்து குடும்பம் இருந்தால் பெரிது. ட்ராமில் தமிழ் பேசினால் குரலைத் தாழ்த்துவோம். கறி சமைத்தால் ஜன்னலைச் சாத்துவோம். எதற்கெடுத்தாலும் "வெள்ளைக்காரர் என்ன நினைப்பினம்" என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. மிஸ்ஸி அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கண்டதில்லை. நாயை ட்ராமில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொன்னால் சண்டை பிடிக்கமாட்டார், கெஞ்சவும் மாட்டார். தானும் இறங்கி நடப்பார். எங்கள் வீட்டுக்கு ஏழு மைல். இரண்டு நாய்களோடு வியர்த்து வந்து நின்று, "தங்கச்சி, தண்ணி கொண்டரும். முதல் சாமியளுக்கு" என்று என் மனைவியிடம் சொல்வார்.

சாமியள் என்றது நாய்களைத்தான். ஊரில், கதிர்காமத்து முருகனிடம் கால்நடையாகப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் சாமி என்றுதான் அழைப்பார்கள். வழியில் பெயர் கிடையாது, சாதி கிடையாது, டொக்டர் மாஸ்டர் எதுவும் கிடையாது. கூட நடக்கிற எல்லாரும் சாமி. மிஸ்ஸி ஆறு தரம் அப்படி நடந்தவர். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மூத்த சாமி, மாடுகளைச் சாய்த்து ஓட்டுகிற சாதி நாய். சாம்பல் நிறம், ஒரு காது அரைவாசிதான் இருந்தது. ஒரு நாள் காலை வேலை முடிந்து வந்தவரின் பின்னால் ஆஸ்பத்திரி வாசலில் இருந்து வீடு வரை வந்ததாம். வீட்டுக்காரன், "ஒன்றில் நாய், இல்லையென்றால் வீடு" என்றான். மிஸ்ஸி பெட்டியைக் கட்டினார். அடுத்த வீட்டிலும் அதே கதை. மூன்றாவது வீட்டுக்குச் சாமான் ஏற்றின வான் புறப்படும்போது எங்கிருந்தோ ஒரு மஞ்சள் பெட்டை நாய் அதன் பின்னால் ஓடி வந்தது. வானை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். "இதென்ன மிஸ்ஸி, ஒண்டு காணாதோ?" என்று கேட்டேன்.

"கூட நடக்கத் துவங்கினதை விடேலாது, தம்பி."

எதற்கும் அவருக்கு அந்த ஒரு பதில்தான்.

வெள்ளிக்கிழமைகளில் மிஸ்ஸி விரதம். நாய்களுக்கும் விரதம். சோறும் சொதியும்தான். பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியன் நல்ல மனிதன், பின்வளவில் இறைச்சி சுட்டால் வேலிக்கு மேலால் நாய்களுக்குச் சொசேஜ் எறிவான். வெள்ளிக்கிழமை எறிந்தால் மிஸ்ஸி அதை நாயின் வாயில் இருந்து பிடுங்கி வேலிக்கு மேலால் திருப்பி எறிவார். ஆறேழு கிழமைக்குப் பிறகு அவன் எறிவதற்கு முதல் தலையை நீட்டி, "இன்றைக்கு வெள்ளியா?" என்று கேட்கத் தொடங்கினான். நாய்களைக் கேட்டால் என்ன சொல்லியிருக்குமோ தெரியாது.

பொங்கலுக்கு நாங்கள் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். மிஸ்ஸி நாய்களோடு வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தார். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர், செயலாளராக இருந்த என்னிடம் வந்து பல்லைக் கடித்தார். "செயலாளர், நாயைச் சாமி எண்டு கூப்பிடுறா! மண்டபத்துக்காரன் பார்த்துக்கொண்டு நிக்கிறான். போய்ச் சொல்லும்." போய்ச் சொன்னேன். "அவருக்கு ஏலாதெண்டால் அவரை வெளியிலை நிக்கச் சொல்லும்" என்றார் மிஸ்ஸி. பொங்கல் முடியும்வரை தலைவர் வாசலில்தான் நின்றார்.

சங்கத்துக்கும் மிஸ்ஸிக்கும் இப்படிப் பல நாள் உரசல். மலை நடையில்தான் அது முற்றியது.

மிஸ்ஸியின் வார்ட்டில் ஒரு இத்தாலிய அம்மா இரண்டு மாதம் கிடந்து சுகமாகிப் போனார். வடகிழக்கே, மலை அடிவாரத்தில் புகையிலைத் தோட்டக்காரர்கள். அங்கிருக்கிற இத்தாலியர்கள் வருடத்தில் ஒருமுறை மாதா சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று நாள் நடந்து, மலை உச்சியில் தாங்களே நட்ட ஒரு சிலுவைக்குப் போவார்களாம். மூன்று நாள், மூன்று கட்டம். முதல் இரண்டும் ஆற்றோரம். மூன்றாவதுதான் மலை. அந்த அம்மா ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது, "நீங்களும் வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மிஸ்ஸி லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

சங்கக் கூட்டத்தில் தலைவர் கொதித்தார். "சைவப் பொம்பிளை, சிலுவைக்குப் பின்னாலை, ரெண்டு நாயோடை! பேப்பரிலை படம் வந்தால் எங்கடை மானம் என்ன ஆகிறது?" எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது. முதலில் போய்த் தடுக்க வேண்டும், முடியாவிட்டால் கூடப் போய் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று என்னிடம் பொறுப்பைத் தந்தார்கள்.

மிஸ்ஸி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"மடு மாதாவிட்டைச் சைவர் போறேல்லையோ? உம்மடை அம்மா போகேல்லையோ?"

போனவர்தான். "சரி, போங்கோ. நாயளை விட்டிட்டுப் போங்கோ. நான் என்ரை வீட்டிலை வைச்சிருக்கிறன்" என்றேன்.

அவர் என் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார். அதற்கு முதலும் சொன்னதில்லை, பிறகும் சொன்னதில்லை.

தம்பிக்காரன் சின்ன வயதில் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் ஏழு தரம் கதிர்காமத்துக்கு நடப்பதாக நேர்த்தி வைத்தாராம். பிழைத்தான். ஆறு தரம் நடந்தார். ஆறாவது தரம் வெருகலில் ஒரு வயதான அம்மா அவர்கள் கூட்டத்தோடு சேர்ந்தார். உகந்தை தாண்டிக் காட்டுக்குள் போகும்போது அந்த அம்மாவின் காலில் முள் ஏறிச் சீழ் பிடித்துவிட்டது. நடக்க முடியவில்லை. நின்றால் கொடியேற்றத்துக்குப் பிந்திவிடும். ஆற்றங்கரையில் விறகு வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களோடு விட்டுவிட்டுப் போவோமா என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

"எல்லாரும் என்ரை முகத்தைத்தான் பாத்தவை. நான்தானே நேர்ஸ். ரெண்டு நாள் தாங்குவா எண்டு நான்தான் சொன்னனான்."

தாங்கவில்லை. திரும்பி வரும்போது செய்தி கிடைத்தது.

"கோயிலுக்குள்ளை போய்க் கும்பிட்டனான், தம்பி. பூ வாங்கினனான். எல்லாம் செய்தனான். நான் பிழை விட்டிட்டன். இன்னும் ஒண்டு கிடக்கு. இஞ்சை கதிர்காமம் இல்லை, இந்த மலையைத்தான் ஏழாவதாய் நடக்கப்போறன். அதிலை ஆரையும் விடமாட்டன். என்னோடை நடக்கிற ஒரு சீவனையும் விடமாட்டன்."

அழவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்தார்.

நான் விடவில்லை. "அந்தக் கிழட்டு நாய் மலை ஏறாது, மிஸ்ஸி. பாதியிலை படுத்திடும்."

"தூக்குவன்."

"தூக்கிற பாரமோ அது?"

"வார்ட்டிலை உம்மைவிடப் பாரமான ஆம்பிளையளைத் தூக்கிறனான்" என்றார்.

இனி நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் மத்தியில் சங்கத்தின் பிரதிநிதியாகப் போகிறேன் அல்லவா? தலைவர், "ஒழுங்கா உடுத்திக்கொண்டு போம்" என்று வேறு சொல்லியிருந்தார். கோட், ரை, கந்தோருக்குப் போடுகிற கறுத்தச் சப்பாத்து. மலை ஏறுவதற்கு! மனைவி அந்தச் சப்பாத்தை முகம் தெரிய மினுக்கித் தந்தாள்.

என் காரின் பின் சீற்றில் இரண்டு சாமிகளையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். கம்பளிச் சட்டையும் பூட்சும் போட்ட தோட்டக்காரர்கள். நான் கற்பனை பண்ணி வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் அல்ல அவர்கள். ஊர்ச் சந்தையில் தாங்களும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர்கள்தான் என்பது இரண்டு நாளில் விளங்கியது. அந்த இத்தாலிய அம்மாவின் புருஷன்தான் நடைக்குத் தலைவர். பெரிய மீசை. என்னை மேலும் கீழும் பார்த்து, "கலியாணம் அடுத்த ஊரில்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நாய்களைக் கண்டதும் சிரிப்பு நின்றது. மாதாவுக்குப் பின்னால் நாய் நடக்கக்கூடாது என்றார்.

"உங்கடை மாதா பிள்ளை பெத்தது மாட்டுக்கொட்டிலிலைதானே?" என்று மிஸ்ஸி இங்கிலிஷில் கேட்டார். "இடையர் எல்லாரும் வந்தவை. இடையர் நாயைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?"

மீசைக்காரர் மீசையைத் தடவினார். அவருடைய மனைவி அவரை முழங்கையால் இடித்தார். நாய்கள் நடந்தன.

முதல் இரண்டு நாளும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றோரப் பாதை, புகையிலை காய்கிற மணம், மதியத்தில் பாணும் சீஸும். மிஸ்ஸி தன் பங்கில் அரைவாசியை நாய்களுக்குப் பிய்த்துப் போட்டபிறகுதான் சாப்பிடுவார். கூட நடந்த இத்தாலியச் சனங்களையும் சாமி என்றே கூப்பிட்டார். இரண்டாம் நாள் பின்னேரம் அவர்களும் அவரைச் சாமி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் அந்தக் கிழட்டு நாயின் பின்னங்காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். எப்போது விழும், எப்போது "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். என் குதிக்காலில் கொப்புளம் போட்டிருந்ததை யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மலை. மாட்டுக்காரர்கள் கட்டி வைத்த ஒரு தகரக் கொட்டிலைத் தாண்டியதும் பாதை செங்குத்தாக ஏறியது. கால் வைக்கிற இடமெல்லாம் உருளுகிற கல். உயரம் போகப் போகப் பெரிய மரங்கள் இல்லாமல் போய், காற்றில் முறுகிப்போன குட்டை மரங்கள் மட்டும் நின்றன. பத்து மணி போல வெண்புகை மாதிரிப் புகார் இறங்கி மலையை மூடியது. பிறகு மழை, மழையோடு பனித்துகள். உச்சியில் பன்னிரண்டு மணிக்குப் பூசை. கூட்டம் வேகமாக நடந்தது. கிழட்டுச் சாமி ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, மூச்சு வாங்கி, ஆனால் நிற்காமல் ஏறியது.

என் இடதுகால் சப்பாத்தின் அடி கழன்று வாயைப் பிளந்தது. ரையைக் கழற்றி அதால் கட்டினேன். மெல்பேர்னில் தலைவர் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது. இன்னும் நூறு யார் போயிருக்கமாட்டேன். ஈரக் கல்லில் அந்தக் கால் சறுக்கியது. கணுக்காலுக்குள் ஏதோ பிசகியது. ஐயோ என்று கத்திக்கொண்டு அதிலேயே குந்திவிட்டேன்.

மிஸ்ஸி திரும்பி ஓடி வந்தார். சப்பாத்தைக் கழற்றிக் காலை அமத்திப் பார்த்தார். "முறியேல்லை. பிரண்டிட்டுது. ஆனால் இந்தக் காலோடை ஏறேலாது."

மீசைக்காரரும் வந்து பார்த்தார். உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேர நடை. தன் முதுகுப்பையில் இருந்து ஒரு போர்வையை எடுத்து என்மேல் போட்டார். "இங்கேயே இருங்கள். பூசை முடிந்து வரும்போது நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறோம். மூன்று மணி நேரம்தான்" என்றார். அவரில் பிழை இல்லை. நல்ல மனிதர், நியாயமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மிஸ்ஸியைப் பார்த்து வா என்று கையைக் காட்டினார்.

மிஸ்ஸி என் பக்கத்தில் கல்லில் குந்தினார்.

"போங்கோ மிஸ்ஸி" என்றேன்.

அவர் நாய்ச் சங்கிலிகளை அவிழ்த்துவிட்டார். கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. மாதா சிலை புகாருக்குள் மறைந்தது. பாட்டுச் சத்தமும் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

எனக்கு விசர் பிடித்தது. "போங்கோ எண்டுறன்! ஏழு தரம் நடக்கிற நேர்த்தி, இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு! எனக்கென்ன, சின்னப் பிள்ளையே? மூண்டு மணித்தியாலம்தானே, நான் தாங்குவன்!"

மிஸ்ஸியின் முகம் அப்படி மாறி நான் கண்டதில்லை.

"அந்தச் சொல்லைச் சொல்லாதையும்."

தாங்குவா என்று ஆற்றங்கரையில் அவர் சொன்ன சொல் அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் எழும்பி வேலையைப் பார்த்தார். என் ஈரக் காலுறைகளைக் கழற்றித் தன் ஓவர்கோட்டால் காலைச் சுற்றினார். பிறகு நாய்களைக் கூப்பிட்டார். "சாமி, இஞ்சை வாங்கோ. படுங்கோ." ஒன்று என் கால்மேல் படுத்தது, மற்றது வயிற்றோடு ஒட்டிக்கொண்டு படுத்தது. மழையில் நனைந்த நாயின் மணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தச் சூடு! பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தவன், கொஞ்ச நேரத்தில் நடுங்குவதை விட்டேன். வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொன்ன நாய்கள்.

வெறும் சேலையும் ஸ்வெட்டருமாக மிஸ்ஸி எனக்கும் காற்றுக்கும் நடுவில் இருந்தார்.

எனக்குத் தாங்கமுடியாத வெட்கமாகப் போய்விட்டது. "மிஸ்ஸி, ஒரு உண்மை சொல்லவேணும். நான் பக்தியிலை வரேல்லை. சங்கம்தான் அனுப்பினது. உங்களைக் கண்காணிக்க வந்தனான்."

"தெரியும். ரை கட்டிக்கொண்டு வந்து நிக்கேக்கையே தெரியும்."

"தெரிஞ்சுமோ இருக்கிறியள்?"

"என்னத்துக்கு வந்தனீர் எண்டு ஆர் கேட்டது? நடந்தனீர்தானே."

பன்னிரண்டு மணிக்கு உச்சியில் பூசை மணி அடித்தது. புகாருக்குள் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, ஆனால் தெளிவாகக் கேட்டது. மிஸ்ஸி எழும்பி, மேட்டுப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, அடிவயிற்றில் இருந்து "அரோகரா!" என்று ஒரு சத்தம் போட்டார். வார்ட்டில் மெல்லப் பேசுகிற மனுஷி. நாய்கள் இரண்டும் குரைத்தன. கல்லில் இருந்தபடி நானும் கத்தினேன். யார் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

பிறகு அவர் குந்தி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எனக்கோ மனம் ஆறவில்லை. "என்னாலை உங்கடை ஏழாவதும் போச்சு, மிஸ்ஸி. மேலை போகேல்லையே. இனி எத்தினை வருஷம் போய், எங்கை போய் முடிக்கப்போறியள்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"ஆறாந்தரம் உள்ளை போய்க் கும்பிட்டனான். அது முடியேல்லை. இது முடிஞ்சுது."